பிள்ளையின் பிழையும் பெற்றோரின் பொறுப்பும்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு பள்ளியில் நடந்த சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களுக்கு இத்தகைய அழைப்புகள் வருவது வழக்கந்தான். அங்கே பேசிய காவல்துறை அதிகாரி ஒருவர், வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் தந்தைக்குச் சிறைத்தண்டனை கிடைக்கக்கூடும் என்று எடுத்துரைத்தார். கூட்டம் கலைந்தபின் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, தப்புச் செய்வது நான்; ஜெயிலுக்குப் போவது என் அப்பாவா? இது என்ன நியாயம்?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு அவசரமாக விடை சொல்லிவிடக் கூடாது என்பது நான் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் கற்ற பாடம். எனவே, யோசித்துச் சொல்கிறேன் என்று கூறி அவனை அனுப்பிவிட்டேன். யோசித்ததை இன்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது. 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட சிறிய மோட்டார் சைக்கிளை மட்டும் 16 வயது நிரம்பியவர் உரிமம் பெற்று ஓட்டலாம். இச்சட்டம் 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அப்போது 199-ஏ என்னும் புதிய பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. இளஞ்சிறார் ஒருவர் இச்சட்டப்படி குற்றம் செய்தால், அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார் என்கிறது அப்பிரிவு. 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கோ 25 வயது ஆகும் வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது.

இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. 'எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றுவிட்டான்' என்றோ, 'தடுப்பதற்கு என்னால் இயன்ற எல்லா முயற்சிகளையும் செய்தேன்' என்றோ தந்தை மெய்ப்பித்தால், அவருக்குத் தண்டனை இல்லை. ஆனால், அதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அவரைச் சார்ந்தது. அவருடைய சம்மதத்தோடுதான் பிள்ளை வண்டியை எடுத்தான் என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். பொதுவாக ஒருவரைக் குற்றவாளி என்று மெய்ப்பிப்பது அரசுத் தரப்பின் கடமையன்றோ? இங்கே மட்டும் ஏன் இந்த மாறுபாடு என்று நீங்கள் கேட்கலாம். வண்டிச் சாவி வீட்டில் எந்த ஆணியில் தொங்குகிறது, அதை யார் யார் எடுக்கலாம் என்பன வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருக்கும் காவலர் அதை எப்படி மெய்ப்பிப்பார்? அந்தக் காரணத்தை முன்னிட்டே இவ்வாறு வைத்திருக்கிறார்கள் என்று நான் கருதுகிறேன்.

இனி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட்டால் இப்பேச்சு அரைகுறையாகிவிடும்.

2013ஆம் ஆண்டில் நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். பதினோராம் வகுப்பில் படித்த ஒரு மாணவன் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வருவான். மாணவர்கள் பள்ளிக்குள் வண்டி கொண்டுவரக் கூடாது என்று நான் விதித்திருந்தேன். எனவே, அவன் பள்ளிக்கு எதிரே இருந்த தேநீர்க்கடை ஓரமாக அதை நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வருவான். காலை வணக்கக் கூட்டத்துக்கு நான் நிற்கும் இடத்திலிருந்து அந்த வண்டி நன்றாகத் தெரியும். வாயிலுக்கு வெளியே நடப்பது என் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மாலை அந்த வண்டி, பேருந்து நிறுத்தத்தில் பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவர்மீது மோதியது. அவருடைய தொடையெலும்பு முறிந்தது. அன்றாடம் கட்டி விற்கும் பூவில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மாணவனின் தந்தை என்னிடம் வந்தார். மகனுக்கு நன்னடத்தைச் சான்று ஒன்று வேண்டும் என்று கேட்டார். "சார், அவன் சின்னப் பிள்ளை. அவனுக்கு என்ன தெரியும்?" என்றார். அந்த வண்டியை வாங்கிய நாளில் இதே தந்தை என்னைக் கடைத்தெருவில் கண்டு, "பையன் வளர்ந்துவிட்டான் சார், அதனால் வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன்" என்று பெருமையோடு சொன்னது என் நினைவுக்கு வந்தது. சாவியைக் கொடுக்கும்போது வளர்ந்தவனாக இருந்தவன், விபத்து நடந்த பிறகு சின்னப் பிள்ளையாகிவிட்டான். அவன் சின்னப் பிள்ளையானால் வண்டியைக் கொடுத்தது தந்தையின் பிழை. வளர்ந்தவனானால் விளைவுக்கு விடை சொல்ல வேண்டியவன் அவனே. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

அம்மூதாட்டியைப் பார்க்க நான் மருத்துவமனைக்குச் சென்றேன். அவருடைய மகள் கட்டிலருகே இருந்தார். அவர் கோபப்படவில்லை. "வண்டி ஓட்டினது புள்ள. வாங்கிக் கொடுத்தது அவங்க அப்பா. தினமும் நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, ஐயா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

நன்னடத்தைச் சான்றை எழுதிக் கொடுத்தேன். மாணவனின் ஒழுக்கம் நல்லது என்று எழுதினேன், அது உண்மையே. ஆனால், அவன் நாள்தோறும் வண்டியில் வந்ததை நானும் அறிவேன், அறிந்தும் தடுக்கவில்லை என்று அதில் எழுதவில்லை. அதுவும் உண்மையே. பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுத்த கை, தனக்கென்று வந்தபோது தயங்கிவிட்டது.

அக்காலத்தில் 199-ஏ பிரிவு கிடையாது. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 3 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ என்னும் பழைய விதி மட்டும் இருந்தது.

இந்த நிகழ்ச்சியை வைத்து, 'எல்லாப் பெற்றோரையும் தண்டிக்க வேண்டியதுதான்' என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. இதற்கு நேர்மாறான இன்னொன்றையும் கண்டிருக்கிறேன்.

வேறொரு பள்ளியில் நான் பணியாற்றியபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கோபத்தில் கல்லெறிந்து ஆய்வுக்கூடத்துச் சன்னல் கண்ணாடிகளை உடைத்துவிட்டான். அவன் தாய் விடியற்காலையில் வயல் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புபவர். தந்தை இல்லை. பெற்றோரிடமே தொகையை வசூலிக்க வேண்டும் என்று கூட்டத்தில் பலரும் கூறினர், நானும் ஒப்பினேன். அத்தாய் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஐம்பது ரூபாயாகக் கட்டிவிடுவதாகச் சொன்னார். "நான் வேலைக்குப் போன பின்னாலே அவனைக் கட்டிப் போடவா முடியும், சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். அதே பள்ளியில் ஏழாம் வகுப்பில் படித்த அவர் மகளின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. கல்லெறிந்தவன் அண்ணன், தண்டனை தங்கையின்மேல் விழுந்தது.

அன்றே அந்த வசூலை நிறுத்திவிட்டேன். வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அம்மாணவன் நான்கு சனிக்கிழமைகள் பள்ளித் தச்சருக்குத் துணையாக நின்று, புதிய கண்ணாடிகளைப் பொருத்தக் கற்றுக்கொண்டான். தான் பொருத்திய கண்ணாடியின்மேல் பிறகு அவன் கல்லெறியவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதற் தந்தை ஒரு செயலைச் செய்தார்: ஓட்டத் தகுதியில்லாத கையில் வண்டியைக் கொடுத்தார். இரண்டாவது தாய் செய்த பிழை என்ன? வறுமையைத் தவிர வேறொன்றும் அவரிடம் காணோம். பெற்றோர் என்னும் ஒரே காரணத்துக்காக இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினால், அது நீதியாகாது.

இங்கே நாம் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று இழப்பீடு, மற்றொன்று தண்டனை. இழப்பீடு என்பது பாதிக்கப்பட்டவரை நோக்கியது. 'இவருடைய இழப்பை யார் ஈடுசெய்வது?' என்பது அதன் கேள்வி. தண்டனை என்பது தவறு செய்தவரை நோக்கியது. 'யார் தவறினார்?' என்பது அதன் கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதனால்தான் இந்த விவாதம் முடிவில்லாமல் நீளுகிறது.

இழப்பீட்டை வெவ்வேறு நாடுகள் எப்படி அணுகுகின்றன என்று பார்ப்போம். பிரான்ஸ் நாட்டில், பெற்றோருடன் வாழும் வயது வராத பிள்ளை பிறருக்கு விளைத்த சேதத்துக்குப் பெற்றோரே பொறுப்பு என்பது 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டத் தொகுப்பு முதலே உள்ள விதி. 'நான் பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்தேன்' என்று சொல்லி அங்கே தப்ப முடியாது என்று 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடுமையாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால், அங்கே குடும்பங்கள் இதற்கென்றே காப்பீடு செய்துகொள்கின்றன. எனவே, பாதிக்கப்பட்டவருக்கும் பணம் கிடைக்கிறது. குடும்பமும் நடுத்தெருவுக்கு வருவதில்லை.

ஜெர்மனியில் கட்டடம் கட்டும் இடங்களில், 'பிள்ளைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு' என்று எழுதிய பலகைகளைக் காணலாம். பலகை சொல்வது போல் அவ்வளவு எளிதன்று அந்நாட்டுச் சட்டம். 1900 முதல் நடப்பிலுள்ள அதன் சிவில் சட்டத் தொகுப்பின்படி, பிள்ளையைக் கண்காணிக்கும் கடமையில் தவறிய பெற்றோரே பொறுப்பாவர். கடமையைச் சரிவரச் செய்தவர் விடுபடுவார்.

இங்கிலாந்திலோ, பெற்றோர் என்பதற்காக மட்டும் ஒருவர் பொறுப்பாவதில்லை. அவருடைய கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாக வேண்டும். இந்திய நீதிமன்றங்களும் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றி வந்துள்ளன.

ஆசிரியர்களும் இப்பொறுப்பிலிருந்து தப்பியவர்கள் அல்லர். வேல்ஸ் நாட்டில் நான்கு வயதும் நிரம்பாத ஒரு குழந்தை, பாலர் பள்ளியிலிருந்து தனியே சாலைக்கு வந்துவிட்டது. குழந்தையைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பிய லாரி ஓட்டுநர் கம்பத்தில் மோதி மாண்டார். அவர் மனைவி வழக்குத் தொடுத்தார். ஆசிரியை அச்சமயம் காயம்பட்ட வேறொரு குழந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எனவே அவர்மேல் பிழையில்லை என்று 1955இல் பிரபுக்கள் சபை தீர்ப்புக் கூறியது. ஆயினும், சிறு குழந்தை எளிதில் வெளியேறும்படி பள்ளியை வைத்திருந்த கல்வி அதிகார அமைப்பே பொறுப்பு என்று முடிவு செய்தது. அக்குழந்தையை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. திறந்து கிடந்த வாயில் யாருடையது என்றுதான் கேட்டார்கள். இவ்வழக்கைப் பற்றிப் படித்தபோது, தேநீர்க்கடை ஓரம் நின்ற அந்த மோட்டார் சைக்கிள் என் கண்முன் வந்தது.

இனித் தண்டனைக்கு வருவோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில், 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் துப்பாக்கியால் சுட்டான். மாணவர்கள் நால்வர் மாண்டனர். அத்துப்பாக்கியை அவன் தந்தை நான்கு நாட்களுக்கு முன்புதான் வாங்கியிருந்தார். அன்று காலையிலேயே அவன் வரைந்திருந்த படத்தைக் கண்டு கவலையுற்ற பள்ளியினர் பெற்றோரை அழைத்துப் பேசினர். பெற்றோர் அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. பள்ளியும் அவனை வகுப்புக்கே திருப்பி அனுப்பியது. 2024ஆம் ஆண்டில் தாயும் தந்தையும் தனித்தனியே விசாரிக்கப்பட்டு, கொலையாகாத மரணம் விளைத்த குற்றத்துக்காக 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை பெற்றனர். பிள்ளை பள்ளியில் நடத்திய படுகொலைக்காகப் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதல் முறை.

மகனுக்கு வாழ்நாள் சிறை தனியே விதிக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். அவனுடைய குற்றத்தை எடுத்துப் பெற்றோரின் தலையில் வைத்துவிடவில்லை. பெற்றோர் தண்டிக்கப்பட்டது தம் சொந்தக் கவனக்குறைவுக்காக.

நம் நாட்டுச் சட்டமும் பிள்ளையை வயதுக்குத் தக்கபடி நோக்குகிறது. 7 வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது. 7 முதல் 12 வயது வரை, தன் செயலின் தன்மையை அறியும் முதிர்ச்சி அப்பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கின்றன. 18 வயது நிரம்பாதவர்களை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கிறது. ஒரு நீதித்துறை நடுவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்டது அக்குழுமம். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும். சிறுவர்களைத் திருத்துவதற்கென்று தனிச்சட்டம் செய்வதில் இந்தியாவில் முன்னின்றது நம் சென்னை மாகாணமே. 1920ஆம் ஆண்டிலேயே சென்னைக் குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது.

இன்று நடப்பிலுள்ள 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அக்குழுமம் பிள்ளைக்கு அறிவுரை கூறி அனுப்பலாம். சமூகத் தொண்டு செய்யச் சொல்லலாம். பிள்ளையையோ பெற்றோரையோ அபராதம் கட்டச் சொல்லலாம். நல்வழியில் நடத்துவதாகப் பெற்றோரிடம் உறுதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு அவர்களிடமே ஒப்படைக்கலாம். பிள்ளைக்கு அறிவுரை வழங்கும்போது பெற்றோருக்கும் ஆலோசனை வழங்க வேண்டும் என்கிறது அச்சட்டம். இது எனக்கு மிகவும் பிடித்த விதி. பெற்றோரை எதிரிக் கூண்டில் நிறுத்துவதற்கு முன்பு, பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறது.

பெற்றோரைக் கடுமையாகத் தண்டித்தால் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அபராதம் ஒன்றே தண்டனையானால், செல்வர் அதை வண்டியின் விலையோடு சேர்த்துக் கட்டிவிடுவார். ஏழையோ மகளின் படிப்பை நிறுத்திக் கட்டுவார். மேலும், தம்மைச் சிறைக்கு அனுப்புவார்கள் என்று அஞ்சும் பெற்றோர், பிள்ளை செய்த தவற்றை வெளியே சொல்வார்களா? மறைப்பார்கள். மறைக்கப்பட்ட தவறு வளரும். ஆதலால், தண்டனையின் எல்லையைச் சட்டம் கவனமாகக் குறிக்க வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். அதற்குப் பெற்றோரும் காப்பீடும் பொறுப்பேற்பது நியாயம். ஆனால், தண்டனை என்று வரும்போது, பிள்ளையின் குற்றத்துக்காகப் பெற்றோரைத் தண்டிக்கக் கூடாது. பெற்றோரின் குற்றத்துக்காகவே தண்டிக்க வேண்டும். அதை அறிய மூன்று கேள்விகள் போதும். ஆபத்தான பொருளைப் பிள்ளையின் கையில் கொடுத்தது அவரா? ஆபத்து வருவதை அவர் அறிந்திருந்தாரா? தடுக்க அவரால் இயலுமாயிருந்ததா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அவர் விடை சொல்லியே ஆக வேண்டும். அந்த வயல் வேலைத் தாய்க்கு இம்மூன்றில் ஒன்றும் பொருந்தாது. எனக்கோ, இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தும்.

திருவாரூரில் அரசாண்ட மனுநீதிச் சோழனின் கதையை நீங்கள் சிறு வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். இளவரசன் ஏறிச் சென்ற தேரின்கீழ் ஒரு கன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அம்மன்னனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. மகனைத் தேர்க்காலில் இடுவது இன்றைய நீதியன்று; நாம் அதை விரும்பவும் மாட்டோம். ஆயினும், அக்கதையில் முதலில் ஒலிப்பது அரசனின் தீர்ப்பன்று, பசு அடித்த மணி என்பதை எண்ணிப் பாருங்கள். யாரைத் தண்டிப்பது என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும்போது, கால் முறிந்த மூதாட்டி கட்டிலில் கிடக்கிறார். அவருடைய மணியோசை நம் காதில் முதலில் விழ வேண்டும்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவனுக்கு இப்பொழுது விடை சொல்கிறேன். தம்பி, நீ செய்யும் பிழைக்காக உன் தந்தை சிறைக்குப் போக வேண்டியதில்லை. அவர் உன் கையில் கொடுக்கும் சாவிக்காகவே போக வேண்டியிருக்கும். ஆனால், அந்தச் சாவியைக் கேட்டு அடம்பிடிப்பவன் நீயாக இருக்கக் கூடும். 18 வயது வரை உன் பிழைகளின் பாரத்தைப் பிறர் பங்கிட்டுச் சுமக்கும்படி சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. அந்தச் சலுகைக்கு நீ கொடுக்கக்கூடிய கைம்மாறு ஒன்று உண்டு. அடுத்த முறை உன் தந்தை பெருமிதத்தோடு சாவியை நீட்டினால், "இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், அப்பா" என்று சொல்லிவிடு. அவர் சிறிது வருந்தினாலும், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் ஒருவர் அன்று மாலை பத்திரமாக வீடு திரும்புவார்.